ஆர்தருக்காகக் குரோய்டனில் போட்ட வாக்கு

மெல்பேர்ணில் பக்கத்து வீட்டுக்காரரைக் கழுத்துக்கு மேலேதான் தெரியும். பின்வளவு மரவேலி ஆறடி உயரம். ஆர்தர் தன் பக்கத்தில் ஓர் அப்பிள் பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்று, தலையை மட்டும் வேலிக்கு மேல் காட்டி, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். மெல்பேர்ணின் புறநகரான டண்டினோங்கில் நாங்கள் குடியேறிய முதல் பதினான்கு மாதங்கள் இப்படியே போயின. ஆகவே எழுபத்தைந்தாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் கழுத்துப்பட்டி கட்டி, முழு ஆளாக எங்கள் முன்கதவைத் தட்டியபோது, யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் கால்கள் இவ்வளவு கட்டை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

யாரும் சாகவில்லை. அவர் ஐரோப்பியப் பொதுச் சந்தை விடயமாக வந்திருந்தார். பிரித்தானியா அதில் சேர்ந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று இப்போது சனங்களிடமே கேட்கப்போகிறார்கள். கேட்கப்படாத அவுஸ்திரேலியர்களுக்குத்தான் இதில் கூடுதல் அபிப்பிராயம். நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், தேநீர் வேளையில், பிரித்தானியர்களை 'எங்கள் வெண்ணெயை விட்டுப் பிரெஞ்சுக்காரனின் வெண்ணெய்க்குப் போனவர்கள்' என்று, ஓடிப்போன மனைவியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். இத்தாலியர்களான எங்களோடு ஒரே மேசையில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று இத்தாலிக்காரக் காவலாளி ஒருநாள் கேட்டார். எல்லோரும் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார்கள்.

ஆர்தர் இங்கிலாந்தில், கென்டில் பிறந்தவர். பதினான்கு வருடங்களுக்கு முன் அரசாங்கச் சலுகையில் பத்தே பவுண் பணம் கொடுத்துக் கப்பலேறி வந்தவர். இன்றும் 'வீடு' என்றால் அவருக்கு அங்கேதான். விலகவேண்டும் என்பது அவர் கட்சி. தனக்கும் வாக்குரிமை வேண்டும் என்று லண்டனுக்கு எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவருடைய ஆங்கிலத்தை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"ராஜ், உன் தம்பி லண்டனில்தானே? அவனுக்கு வாக்கு உண்டா?"

உண்டு. யோகன் லண்டனில் குரோய்டனுக்குப் போய் மூன்றே வருடங்கள். ஆனால் இலங்கையன், பொதுநலவாயத்துக்காரன், அங்கே வசிக்கிறவன், ஆகவே அந்த நாட்டுச் சட்டப்படி வாக்காளன். அந்த நாட்டுக்காக யுத்தத்தில் காலில் குண்டு வாங்கிய ஆர்தர் என் கதிரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டார். சட்டத்தை நான் எழுதவில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு, யாழ்ப்பாணத்து மூத்தவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். "உங்களுக்கு என்ன வேண்டும், 'இல்லை'தானே? போடச் சொல்லுகிறேன்" என்றேன்.

எனக்கு இதில் விசித்திரமாக எதுவும் தெரியவில்லை. கொக்குவிலில் தேர்தல் நாளில் ஐயா, எங்கள் தகப்பனார், காலையில் எந்தச் சின்னம் என்று சொல்லுவார். வீட்டில் ஏழு பேரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையாகப் போய் அதற்கே போட்டுவிட்டு வருவோம். ஐயாவுக்குப் பிறகு சின்னம் சொல்வது என் பொறுப்பாயிற்று. யோகன் கணக்கியல் படித்ததும், லண்டனுக்குப் போனதும், கலியாணம் கட்டியதும் நான் சொல்லித்தான். இவ்வளவும் செய்தவனுக்கு வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடி பெரிய காரியமா?

ஆர்தருக்கு நம்பமுடியவில்லை. "நீ சொன்னால் கேட்பானா? என் அண்ணன் நான் கேட்டால் உப்புக்கூட எடுத்துத் தரமாட்டான்."

போகும்போது யோகனின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தியதும் மனைவி புவனம் குசினியிலிருந்து வந்தாள்.

"அவன்ரை வோட்டை நீங்கள் ஏன் தூக்கிக் குடுக்கிறியள்?"

"அவன் என்ரை சொல்லுத் தட்டமாட்டான்."

"ஓம், ஓம்" என்றாள். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றே வான்கடிதம் எழுதினேன். ஜூன் மாதம் முடிவு வந்தது: பெரும்பான்மையானோர் இருப்போம் என்றுவிட்டார்கள். மறுநாள் வேலிக்கு மேல் ஆர்தரின் தலை வந்தது. "தோற்றுவிட்டோம், நண்பா. ஆனால் எங்களுடையது ஒன்று அதற்குள் இருக்கிறதுதானே?"

"இருக்கிறது" என்றேன். அப்போது அதை நான் மனதார நம்பினேன்.

நாலு நாள் கழித்து யோகனின் கடிதம் வந்தது.

"அன்புள்ள அண்ணா, நீங்கள் சொன்னபடி போடத்தான் போனனான். தாளிலை 'நீங்கள் நினைக்கிறீங்களோ' எண்டு தொடங்கி ஒரு கேள்வி இருந்தது. எனக்கு இருவத்தொன்பது வயசு. நான் என்ன நினைக்கிறன் எண்டு இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை. சிலோன் எண்ட எங்கடை நாட்டின்ரை பேரை மாத்தேக்கையும் கேக்கேல்லை, என்னை இஞ்சை அனுப்பேக்கையும் கேக்கேல்லை. கனநேரம் பென்சிலோடை நிண்டனான். பிறகு 'ஓம்' எண்டு போட்டிட்டன். நான் இஞ்சைதானே இருக்கப்போறன். கோவிக்காதேங்கோ."

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆர்தரிடம் என் மானம் போனதே என்ற கோபம். இரண்டாம் முறை படித்தபோது வெட்கம் வந்தது. அவனுடைய கலியாணத்தின்போது பெண்ணின் படத்தை அனுப்பி, திகதியையும் அனுப்பியவன் நான். புவனம் கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்துத் தந்தாள். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆர்தரிடம் உண்மையைச் சொல்ல மூன்று தடவை வேலியோரம் போனேன். மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை அவரே சொன்னார், யோகனுக்கு நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டாராம், அதில் தன் ஊர்த் தேவாலயத்தைப் பற்றியும் எழுதினாராம். எனக்காக ஒரு பொய் எழுது என்று தம்பிக்குக் கடிதம் போட உட்கார்ந்தேன். எழுதமுடியவில்லை. அவனுக்கு இன்னொரு தரம் சின்னம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓகஸ்டில் ஆர்தர் மீண்டும் கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்றார். கையில் ஒரு படத் தபாலட்டை, கென்டில் அவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம். யோகன் ஒரு ஞாயிறு ரயிலேறி அங்கே போய், அதை வாங்கி எழுதியிருக்கிறான். ஆர்தர் எனக்கு உரக்க வாசித்தார்: 'மதிப்புக்குரிய ஐயா, காலை ஒன்பது மணிக்குப் போனேன். நீண்ட வரிசை. தாளில் அடையாளமிடும்போது உங்களை நினைத்தேன். உங்களைப்போல நினைப்பவர்கள் இங்கேயும் பலர் இருக்கிறார்கள். உங்கள் தேவாலயம் நலம்.'

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் என் சொல்லைக் கேட்கவில்லை, ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அட்டையை வாங்கி இன்னொரு தரம் படித்தேன். ஆர்தரும் என் பக்கத்தில் நின்று இன்னொரு தரம் படித்தார், வேறு காரணத்துக்காக.

அட்டை இப்போது அவர் முன்னறைச் சுவரில், படம் உள்ளேயும் எழுத்து வெளியேயுமாகக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம், இவருடைய தம்பிதான் எனக்காக 'வீட்டில்' வாக்குப் போட்டவன் என்று என்னைக் காட்டுகிறார். நான் தலையாட்டிக்கொண்டு அந்த எழுத்தைப் பார்ப்பேன். ஆர்தர் அதில் தன் நாட்டைப் பார்க்கிறார், நான் என் தம்பியைப் பார்க்கிறேன். நாடும் சரி, தம்பியும் சரி, எங்களைக் கேட்காமலே முடிவெடுத்தாயிற்று.