சீழுக்குள் ஒளிந்த புற்று

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் ‘கண்ணாடி டாக்டர்’ என்று பெயர். எனக்குச் சிநேகிதி என்பதால் நான் மட்டும் வா, போ என்பேன். மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் இழுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றிக் கொடுப்பது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. யார் முகத்துக்காகவும் ஒரு வார்த்தையை மாற்றமாட்டாள். அதனால் அவளோடு சாப்பிட உட்காரக்கூட என்னைத் தவிர ஆள் கிடையாது.

அவளுடைய அக்காவுக்கே கட்டி வந்தது. சொந்தக்காரி பார்க்கக் கூடாது என்று தலைமை டாக்டரே தகட்டை வாங்கிக்கொண்டார். வந்தது சீழ். இடையிடையே தட்டையான சில செல்கள். ஊசி தோலைத் துளைக்கும்போது தோல் செல்களும் ஒட்டிக்கொண்டு வரும். நாங்கள் தினம் பார்க்கிற சங்கதிதான். “சீழ்க்கட்டி, மாத்திரை போதும்” என்று எழுதிவிட்டு மனுஷர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இவள் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள். “தோல் செல்லுக்கு உட்கரு இவ்ளோ பெருசாவா இருக்கும்?”

மார்பில் அபூர்வமாக வரும் ஒரு புற்று, தோல் செல் மாதிரியே வேஷம் போடும். நடுவில் அழுகிச் சீழாகும். சீழை வடித்துவிட்டு, மிஞ்சிய சுவரில் மறுபடி குத்தினால்தான் அகப்படும். அதற்குத்தான் தலைமை டாக்டரிடம் அனுமதி கேட்டாள்.

“அக்காங்கிறதால பயப்படுறீங்கம்மா. போய் வேலையப் பாருங்க” என்றார் அவர்.

மாத்திரை தீர்ந்தது, கட்டி வளர்ந்தது. கடைசியில் சண்டை போட்டு அக்காவை இழுத்துவந்து இவளே குத்தினாள். தகடு முழுக்க அதே செல்கள், கொத்துக் கொத்தாக. அதற்குள் ஸ்கேனில் நுரையீரலிலும் தெரிந்தது. தலைமை டாக்டர் வெட்கமே இல்லாமல் அதை ஒரு மாநாட்டில் ‘நாங்கள் கண்டுபிடித்த அபூர்வப் புற்று’ என்று பேசிக் கைதட்டு வாங்கினார்.

வார்டுக்கு நானும் அவளோடு போனேன். அக்காவின் கணவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“பெரிய டாக்டர் சீழ்னு சொன்னப்ப நல்லாத்தானே இருந்தா? நீ மறுபடி ஊசி குத்தினதுலதான் எல்லா இடமும் பரவிடுச்சு.”

“ஊசியால பரவலை அத்தான். அது முன்னாடியே…”

அவள் முடிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இனிமே நீ என்னைத் தொடாதே. அந்தப் பெரிய டாக்டரையே வரச் சொல்லு.”