சாயங்கால வடகம்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு மகளின் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டில் காலி. தலையணை மேல் போன் மட்டும்.

பள்ளியில் வாலிபால் ஆடியவள் ஜெனி. கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஊரடங்கு வந்து, வகுப்பு போனுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். 'மாடியில நாலு ரவுண்டு நடடி' என்று தினமும் கெஞ்சுவேன். 'போம்மா.' அவ்வளவுதான். அவள் அப்பாவோ நெம்மேலி தண்ணீர் பிளான்ட்டில்... ஊரடங்கிலும் ட்யூட்டி.

பாத்ரூம், தெருக்கோடி, கடைசியில் பின்பக்கக் கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகுதான், எதைத் தேடினேன் என்று உறைத்தது.

அப்போது மேலே ஒரு சிரிப்பு.

ஓடினேன். எங்கள் மாடிக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அதுதான் நெட். இந்தப் பக்கம் ஜெனி, கையில் ஷட்டில் மட்டை. அந்தப் பக்கம் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு மும்தாஜ். திருப்போரூர் கடைத்தெருவில் மூடிக் கிடக்கும் அவர்களது ஃபேன்ஸி ஸ்டோரின் மட்டைகள்தான் அவை.

"இன்னா கண்ணு, உங்கம்மா சோறு போடலியா? ஓங்கி அடி."

ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருந்தது, ஒரு நிமிஷம். பிறகு எரிந்தது. நான் கெஞ்சினால் எழாதவள், இவள் மட்டையைக் காட்டினால் எழுந்துவிடுவாளா?

புதனும் வியாழனும் ஆட்டம். ராத்திரி கேட்டு வாங்கித் தோசை சாப்பிட்டாள். ஆன்ட்டி அப்படி அடிச்சாங்க, ஆன்ட்டி இப்படி விழுந்தாங்க... எனக்குத்தான் தோசை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் இறங்கும் நேரமாகப் பார்த்துக் கூழ் காய்ச்சினேன். எங்கள் மாடி முழுக்கப் பழைய வேட்டிகளை விரித்து, கால் வைக்க இடமில்லாமல் வடகம் பிழிந்தேன். வடகம் போடுவதை யார் குறை சொல்ல முடியும்?

ஜெனி வந்தாள். பார்த்தாள். இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் தோசை தட்டிலேயே காய்ந்தது. வடகம்தான் காயவில்லை.

சனிக்கிழமை மாலை வரை அந்தக் கதவு திறக்கவில்லை. பயத்தில் தட்டிக்கொண்டே இருந்த நேரத்தில் கேட் சத்தம். மாஸ்க்கோடு மும்தாஜ். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு மட்டை.

"இன்னாக்கா, அஞ்சு மணிக்கு எந்த வெயில்ல வடகம் காயுது?"

நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன்.

"நானும் கடைய மூடிட்டு வூட்ல பேஜாராத்தான் கெடந்தேன். நடடி நடடின்னு சொல்லிகினே கீறியே, ஆடலாம் வாடின்னு ஒரு நாள் கூப்ட்டியா?"

மட்டையைக் கேட்டில் மாட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்றாள்.

"வடகத்தச் சுருட்டு. பொண்ண இட்டுகினு மேல வா. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நில்லுங்க. அப்பவும் தோப்பீங்க."