பொட்டு வைத்த படம்

என் கணவர் கொழும்பில் பென்சன் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரன் தன் உத்தியோகத்தரின் பெண்சாதி பிள்ளைகளுக்கென்று தொடங்கிவிட்டுப் போன விதவைகள், அநாதைகள் பென்சன்தான் அவருடைய வேலை. வருசத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விதவையும் தான் உயிரோடு இருப்பதாகவும் மறுமணம் செய்யவில்லை என்றும் கடதாசியும் கூடவே தன் படமும் அனுப்ப வேண்டும். இவர் இரண்டையும் சரிபார்ப்பார்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"இண்டைக்கு ஒருத்தியின்ர பென்சனை நிப்பாட்டிப் போட்டன். படத்தில பொட்டோட இருக்கிறா."

"பொட்டு வைச்சால் புருசன் வந்திடுவானோ?"

"உமக்கு விளங்காது. விசாரிக்க வேணும்."

"அப்ப மீசை இருந்தால் என்ன செய்வியள்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனுசி அந்த மாதம் என்ன சாப்பிட்டாள் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அவர் போய்ப் பதினொரு வருசம். நான் இப்போது சிட்னியில், கிரவீனில் மகளோடு இருக்கிறேன். அதே பென்சன் எனக்கு வருகிறது. நான் அதைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் அக்காவின் மருந்துக்கு அப்படியே போய்விடும்.

இங்கே வந்தபின் ஒட்டுப்பொட்டு வைக்கத் தொடங்கியிருந்தேன். பெரிய காரணம் இல்லை. கோயிலில் வெறும் நெற்றியைக் கண்டதும் எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். அலுத்துவிட்டது. பென்சனுக்குப் பழைய படத்தையே அனுப்பி வந்தேன்; இந்த வருசம் புதுப் படம் கேட்டார்கள். பொட்டோடேயே எடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மகள் வாசித்தாள்.

"அம்மா, உங்கட பென்சனை நிப்பாட்டிப் போட்டாங்கள். மறுமணம் செய்யேல்லை எண்டு சத்தியக் கடதாசி வேணுமாம். வேற படமும் வேணுமாம்."

அடியில் என் கணவரின் பழைய பதவி அச்சடித்திருந்தது. இங்கிலீசில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் குடித்தேன்.

சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்து வைக்கும் ஜே.பி. நம்மவர்தான். லிட்கமில் வீடு. குசினி மேசையில் கடதாசியை விரித்தார்.

"அன்ரி, கேக்கத்தான் வேணும். மறுமணம் செய்யேல்லைத்தானே?"

"கேட்டு ஒருத்தரும் வரேல்லைத் தம்பி. வந்தால் முதல் உமக்குத்தான் சொல்லுவன்."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கையெழுத்து கொஞ்சம் கோணிப் போனது. பிறகு மெல்லச் சொன்னார்:

"புதுப் படத்தில பொட்டு இல்லாமல் இருந்தால் நல்லம் அன்ரி."

கூட வந்த மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா ஏன் எடுக்கோணும்? பொட்டு வைக்கக் கூடாதெண்டு சட்டத்தில எங்க கிடக்கு?"

"சட்டத்தில இல்லைப் பிள்ளை," என்றேன். "உன்ர கொப்பாவின்ர மண்டைக்குள்ளதான் கிடந்தது."

"எழுதிச் சண்டை பிடிக்கலாம்," என்றார் ஜே.பி. "ஆனால் ஆறு மாதம் இழுக்கும்."

"அக்காவிட்ட ஆறு மாதம் இல்லைத் தம்பி."

போகிற வழியில், இங்கே படமும் எடுத்துத் தரும் ஒரு மருந்துக்கடையில், கதிரையில் இருத்திப் படம் எடுத்தார்கள். பொட்டை உரித்துக் கையின் பின்பக்கம் ஒட்டிவைத்தேன். எடுத்து முடிய நெற்றியில் திரும்ப வைத்தால் பசை போய்விட்டிருந்தது. மகள் கார் ஓட்டினாள். நான் வீடுவரை ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நாலு படம் தந்திருந்தார்கள். ஒன்று கொழும்புக்குப் போனது. அடுத்த மாதம் அக்காவின் மருந்துக்குக் காசும் போனது. மிச்சம் மூன்றும் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.

மூன்று வருசத்துக்குப் போதும்.