எய்சாக்கு பிடுங்கிய டெலிபோன்

ஜப்பான் கடலோரத்து எங்கள் ஹிமியில் இடி இடிப்பது குளிர்காலத்தில்தான். டிசம்பர் பிறந்து கடல் கறுத்ததும் ஒரு நாள் வானம் பிளக்கும், ஊரே சிரிக்கும். புரி மீன் கரைப்பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடிக்குப் பெயரே புரியை எழுப்பும் இடி. அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டு எய்சாக்கு.

துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை செய்தார். அதிர்ந்து பேசமாட்டார், குடித்துவிட்டு யாரிடமும் வம்புக்குப் போனதில்லை. ஆனால் ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக் கம்பத்தில் ஒரே ஒரு இடி விழுந்து புது கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கரியாக்கிவிட்டது. கோடை இடி தூரத்தில் உறுமிவிட்டு வரும். எங்கள் குளிர்கால இடிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது, முதல் அடியே தலைக்கு மேல்தான். அதனால் எய்சாக்கு இடிக்கும்வரை காத்திருப்பதில்லை. மேகம் கறுத்தாலே வீடு முழுக்க ஓடி ஓடி வயரைப் பிடுங்குவார்.

எலக்ட்ரிக் கடை மிசோகுச்சி அவரிடம் ஒரு தடவை சொல்லியிருந்தார்: இடி கரண்ட் வயரில் மட்டும் வராது, டிவி ஆன்டெனா வழியாகவும் வரும், டெலிபோன் வயர் வழியாகவும் வரும். எய்சாக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மிசோகுச்சி அடுத்துச் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. ஃபியூஸ் போர்டு பக்கத்தில் இடியைத் தடுக்கும் ஒரு பெட்டி மாட்டி, டெலிபோன் வயரையும் அதன் வழியாக விட்டால் போதும், எதையும் கழற்ற வேண்டாம் என்பதுதான் அது. பெட்டியை நம்பி வீட்டை விட நான் என்ன லூசா என்று எங்களிடம் கேட்டார்.

டிசம்பரில் எங்கள் வானம் நாள் கணக்கில் வெளுக்காது. அத்தனை நாளும் அந்த வீடு ஊமையாகக் கிடக்கும். காலைச் சூடாக்கிக்கொள்ளும் கோதாட்சு மேஜையின் வயரும் பிடுங்கப்பட்டிருக்கும், அவர் மனைவி ஃபுசா மண்ணெண்ணெய் அடுப்போரம் சுருண்டிருப்பாள். அவர் அப்பாவின் படம் வைத்த சாமி மாடத்துச் சின்ன பல்பைக்கூட விடமாட்டார். செத்துப்போன உங்க அப்பாவையும் இருட்டில் உட்கார வைக்கிறீர்களே என்று நான் கேலி செய்வேன். அவருக்குச் சிரிப்பே வராது.

ஒரே மகள் கனாயே. இது நடந்த வருஷம் வசந்தத்தில்தான் பக்கத்து நகரமான தகாவோக்காவில் கோவில் மணி வார்க்கும் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரிய வீடு, பெரிய பேர். அக்டோபரில் தனியாக வந்தாள். டீக் கோப்பையை எடுக்கும்போது சட்டைக் கை மேலேறி, முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்ததை நானே பார்த்தேன். மாப்பிள்ளை கை நீட்டுகிறான். ஃபுசா அழுதாள். எய்சாக்கு சொன்னார்:

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா. முடியலைன்னா ஒரு ஃபோன் போடு. எந்நேரமானாலும் வண்டி எடுத்துக்கிட்டு நானே வந்துடறேன்."

கனாயே தலையாட்டிவிட்டுப் போனாள்.

டிசம்பரில் இடித்தது, மீன் வந்தது. புதுப் பெண்ணின் முதல் குளிர்காலத்தில் பிறந்த வீட்டார் ஒரு முழு புரி மீனைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதை வெட்டிப் பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். மீன் போகாவிட்டால் பெண் அங்கே தலைநிமிர முடியாது. எய்சாக்கு ஏலத்தில் நின்று, சின்னப் பிள்ளை உயரத்துக்கு ஒரு மீனைப் பொறுக்கி, மரப்பெட்டியில் வைத்து, சிவப்பும் வெள்ளையுமாக ரிப்பன் கட்டி, மறுநாள் காலையில் போய்ச்சேரும்படி லாரியில் ஏற்றினார். வீட்டுக்கு வந்து எல்லா வயரையும் பிடுங்கினார்.

டெலிபோனை மட்டுமாவது விடுங்களேன், பொண்ணு கூப்பிட்டால் என்ன செய்வது என்று ஃபுசா கேட்டிருக்கிறாள். இந்த இடியில் யாராவது ரிசீவரைத் தொடுவார்களா, அறிவு வேண்டாமா என்று அதட்டினாராம்.

அன்று சாயங்காலம் கனாயே ஒரு பையோடு தகாவோக்கா ஸ்டேஷன் எதிரில் டெலிபோன் பூத்தில் நின்றாள். வயரைப் பிடுங்கிய ஃபோனுக்குக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். அவள் காதிலும் அடித்தது. வைத்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் அடித்தது. எங்கள் வீட்டு நம்பரும் அவளுக்கு மனப்பாடம்தான். அடுத்த வீட்டுக்காரியிடம் எதைச் சொல்லுவாள் பாவம். பையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். விடிந்ததும் மீன் போய்ச் சேர்ந்தது.

முறைப்படி பாதி மீன் திரும்பி வந்தது. ஃபுசா முள்ளங்கி போட்டுக் கொதிக்க வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ருசித்துச் சாப்பிட்டோம்.

புத்தாண்டுக்குக் கனாயே மாப்பிள்ளையோடு வந்தாள். அவன் முன்னறையில் குடித்துக்கொண்டிருந்தான். நானும் ஃபுசாவும் அடுக்களையில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது எய்சாக்கு சாக்கே மதுவைச் சூடுபண்ண உள்ளே வந்தார். கனாயே பாத்திரம் கழுவியபடியே, திரும்பாமல், ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதைச் சொன்னாள்.

"இடி இடிச்சுதேம்மா," என்றார் எய்சாக்கு.

"இடிச்சா எல்லாத்தையும் பிடுங்குவீங்கன்னு எனக்குத் தெரியாதாப்பா? ஃபோனை மட்டும் விட்டு வெச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன். எனக்காக. மணி அடிச்சுது, யாரும் எடுக்கலை. காலையில ரிப்பன் கட்டி மீன் வந்துச்சு. சரி, இதுதான் பதிலுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

ஃபுசா அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சினாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, இனி விடமாட்டார்கள் என்றாள் கனாயே. எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் திறங்களேன் அண்ணே. நீங்க இருன்னு சொன்னா இருப்பா."

முன்னறையிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தான்.

"சூடு ஆறிடும்," என்று சொல்லிக் கூஜாவை எடுத்துக்கொண்டு எய்சாக்கு போனார். போய் அவனுக்கு இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பனி கொட்டுவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரமே எய்சாக்கு மிசோகுச்சியிடம் போய் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார். அதில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு எப்படி இடித்தாலும் அவர் டெலிபோனைப் பிடுங்குவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வானம் கறுத்தால் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், சாப்பாடும் அங்கேதான். மணி அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார். கேஸ்காரன், மீன் சங்கம், எப்போதாவது நான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் மீன் போகிறது, பாதி திரும்பி வருகிறது. கனாயேயிடமிருந்து புத்தாண்டுக்கு ஒரு அட்டை வரும், அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. பேரனுக்கு இப்போது மீசை முளைக்கிற வயசு.

மிசோகுச்சியின் பெட்டி நல்ல பெட்டிதான், குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பல்புகூட எரிந்துபோனதில்லை. டெலிபோன் புதுசு போல இருக்கிறது. அதில் கனாயே ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.