இருபத்தேழாம் சிப்பி

பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா என்னை வேலைக்கே கூட்டிப் போனாள். எனக்கு ஒன்பது வயது. எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஓர் அருங்காட்சியகம். தொல்பொருள் கூடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் பொருள்களை அடுக்கி வைப்பது அம்மாவின் தற்காலிக வேலை. திறப்பு விழா முடிந்ததும் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி அம்மா வீட்டில் பாட்டெல்லாம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள்.

“இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. எதையும் தொடாத லா, பாப்பா.”

தொடவில்லைதான், அரை மணி நேரம். மேசையில் பஞ்சு விரித்த தட்டில் சிப்பிகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் தின்று குவித்த கெராங் என்னும் சிப்பியின் ஓடுகளாம். ஒவ்வொன்றின் உள்ளேயும் கறுப்பு மையில் பொடியாக ஓர் எண். சாப்பிட்டுப் போட்ட குப்பைக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எடுத்ததுதான் தெரியும். அப்பளம் போல் நொறுங்கிவிட்டது. இருபத்தேழாம் எண்.

ஐயோ! பக்கத்து அறையில் அம்மா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். துணி உரசும் சத்தம் நின்றால் வந்துவிடுவாள். துண்டுகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மதியம் வேலையாட்கள் அவித்த கெராங் வாங்கி மிளகாய்ச் சாந்தில் தொட்டுத் தின்ற ஓடுகள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. பழையதை அதில் போட்டுவிட்டுப் புதியது ஒன்றைப் பொறுக்கினேன். கழுவி, பளபளப்புப் போகச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, அம்மாவின் பேனாவால் 27 என்று எழுதினேன். அவசரத்தில் ஏழின் வால் நீண்டுவிட்டது. தட்டில் வைத்துவிட்டு நான் நாற்காலியில் ஏறவும் அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அம்மா பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இருபத்தைந்து. இருபத்தாறு. அடுத்ததைக் கையில் எடுத்தவள் மூக்கருகே கொண்டுபோனாள். மிளகாய்ச் சாந்து வாசனை போயிருக்குமா? அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“போய் கையக் கழுவிட்டு வாம்மா. சோப்பு போட்டு நல்லா கழுவு.”

அவ்வளவுதான். நான் கழுவிவிட்டு வந்தபோது அம்மா பொறுப்பாளரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை.

அடுத்த வாரம் அம்மா வேலைக்குப் போகவில்லை. “அந்தத் தூசி எனக்கு ஒத்துக்கல லா” என்றாள். பிறகு சூலியா தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். திறப்பு விழாவைப் பற்றிப் பள்ளியில் பீற்றிக்கொள்ள முடியாமல் போன கோபத்தில் நான் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூசிக்குப் பயந்து யாராவது நல்ல வேலையை விடுவார்களா, என்ன அம்மா இவள்!

இப்போது கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிறேன். போன மாதம் பயிற்சிக்காக அதே அருங்காட்சியகத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். இருபத்தேழுக்கு நேரே அம்மாவின் உருண்டை எழுத்து, மலாயில்: ‘என் கை தவறி உடைந்தது.’ கீழே அவள் கையெழுத்து. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொறுப்பாளரிடம் போவதற்கு முன் எதற்காக என்னைச் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று என் விரலெல்லாம் பேனா மை.