பெட்டிக்குள் இருந்த சூடு

என் அப்பா குற்றாலலிங்கம் முட்டை தின்றதில்லை. சைவப் பிள்ளைமார் வீடு. ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் முட்டைகளோடுதான் இருந்தார். வீரவநல்லூருக்கு வெளியே தேவசிகாமணி முதலாளி நடத்திய ஹேச்சரியில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு.

வயரிங் செய்துகொடுக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பெட்டி என்பது ஓர் ஆள் நுழையக்கூடிய மர அலமாரி. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், ஒரு விசிறி, சூட்டுக்குக் கம்பிச்சுருள், அடியில் தண்ணீர்த் தட்டு. ஹீட்டர் ஓடினால் வெளியே ஒரு சின்ன விளக்கு எரியும். சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மூன்று வாரத்தில் குஞ்சு வெளியே வரும்.

"சைவத்து ஆளை எதுக்கு வே இங்க போட்டீரு?" என்று யாராவது கேட்டால் முதலாளி சொல்வார்: "வேற ஆளைப் போட்டா பாதி ஆம்லெட்டாப் போயிரும். அண்ணாச்சி கையில குடுத்தா ஒண்ணு குறையாது."

ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா பந்தியில் வைத்தே கேட்டார். "ஏலே குற்றாலம், தேவாரம் பாடுத வீட்டுல கோழி கூவுதாமே?"

"தின்னக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு அண்ணாச்சி. பொறக்க வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

அம்மா சொர்ணாம்பாள் இதை ஏற்கவில்லை. முட்டை என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது. யாராவது விசாரித்தால், "அவியளுக்குக் கரண்டு வேலை" என்று முடித்துவிடுவாள். அப்பா பின்வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் குளித்து, விபூதி பூசிய பிறகுதான் அடுக்களைப் பக்கம் வரலாம். அப்பா அதற்கு வருத்தப்பட்டதில்லை. குளித்துவிட்டுப் பாடிக்கொண்டே வருவார்.

பெட்டியைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. "குஞ்சு வரப்போற கடைசி நாட்கள்ல பாரு, ஹீட்டர் விளக்கு எரியவே எரியாது. மெஷின் வேலையப் பழகிக்கிடுது." ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு வைப்பார்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் ஆற்று வெள்ளம் வயல்களைத் தாண்டி வந்தது. நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மழை விடுமுறையில் வீட்டில் இருந்தேன். ஊரெங்கும் மின்சாரம் இல்லை. ஹேச்சரியில் ஜெனரேட்டர் கொட்டகை இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பெட்டி இருந்த கட்டடம் மேட்டில் இருந்ததால் தப்பியது. உள்ளே இருந்த முட்டைகள் அத்தனையும் இரண்டொரு நாளில் பொரிக்க வேண்டியவை. முதலாளி தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டார். சாலை இல்லை. அவை பிழைப்பது அப்பா கையில்தான் இருந்தது.

விடிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்தார். முன்வாசல் வழியாக. குளிக்காமல். கட்டிலில் கிடந்த ஜமக்காளம், போர்வை, அம்மாவின் கல்யாணப் பத்தமடைப் பாய் எல்லாவற்றையும் அள்ளினார்.

"என் பாயை எங்கன கொண்டு போறிய?"

"அதுகளுக்குக் குளிருமே."

"எதுகளுக்கு?"

அப்பா சொல்லத் திணறினார். அந்த வீட்டில் அதற்குச் சொல் கிடையாது. கடைசியில், "புள்ளைகளுக்கு" என்றார்.

நான் போர்வைகளை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

பெட்டியைச் சுற்றிப் பாயைக் கட்டினோம். மேலே ஜமக்காளம். காற்றுத் துளைகளில் துணி திணித்தோம். அப்பா ஈரத் தரையில் உட்கார்ந்து கதவுக் கண்ணாடி வழியாக வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதரசம் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏறத் தொடங்கியது. நூறைத் தாண்டியது.

"இது கெட்டுப்போச்சு" என்றார்.

மேல்தட்டில் இன்னொன்று இருந்தது. அது இன்னும் கூடக் காட்டியது.

"இதுவும் கெட்டுப்போச்சோ, அனு?"

"ரெண்டும் ஒண்ணா எப்படிப்பா கெடும்?"

அப்பா கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தார். சூடு பார்க்கக் கண்ணை மூடி இமையில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். என்னிடம் நீட்டினார். நானும் இமையில் வைத்தேன். என் உடம்பைவிடச் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது.

வெப்ப விதிகளைக் கல்லூரியில் அந்தப் பருவத்தில்தான் படித்திருந்தேன். விட்டுவிட்டால் எல்லாம் கலைந்து ஆறி, சுற்றியிருப்பதோடு ஒன்றாகிவிடும். ஒழுங்கு தானாக நிற்பதில்லை. நிற்க வேண்டுமென்றால் எதையாவது எரித்து, அந்தச் சூட்டை வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என்ஜின்களுக்கான கணக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"உள்ள இருக்கது எல்லாம் மஞ்சக்கருவை எரிச்சு வளருதுப்பா. வளர வளரச் சூடு தள்ளும். நாம அது போற வழியை அடைச்சிட்டோம்."

அப்பா அணைந்து கிடந்த ஹீட்டர் விளக்கைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருசமா மெஷின் ஒண்ணும் பழகலையா? அதுகதான் வேலை செய்யுதா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே பாயைப் பிய்த்து எறிந்தார். அது வாசல் சேற்றில் போய் விழுந்தது.

கதவுகளைத் திறந்து தட்டுகளைப் பாதி வெளியே இழுத்தோம். விசிறி ஓடாததால் காற்று நகரவில்லை. அட்டையாலும் ஓலை விசிறியாலும் வீசினோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு முட்டையை இமையில் வைத்துப் பார்ப்பது, வீசுவது, திரும்பப் பார்ப்பது. எனக்குக் கை செத்துப்போனது.

மதியம் அம்மா தூக்குவாளியோடு வந்தாள். ஹேச்சரி வாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை. சேற்றில் கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஐயோ, என் பாயி!"

"பைய ஏசலாம். இப்ப விசிறு" என்றார் அப்பா.

அம்மா தட்டுகளைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியை இறக்கி வைத்து என் கையிலிருந்த விசிறியைப் பிடுங்கினாள்.

"தொட மாட்டேன். விசிறத்தான் செய்வேன்."

இருட்டும் வரை விசிறினாள். அந்திக் குளிரில் கதவைப் பாதி சாத்தினோம், சூடு ஏறினால் திறந்தோம். மறுநாளும் அதே வேலை. சோறு அங்கேயே. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தயிர்சாதம் சாப்பிட்டதைப் பெரியப்பா வந்து பார்த்திருக்க வேண்டும்.

சத்தத்தை முதலில் கேட்டது அவள்தான். "இங்கேருங்க, உள்ள கத்துது."

ஓடுகள் விரிசல் விட்டன. ஈரமாக, கோரமாக, ஒவ்வொன்றாக வந்தன. மேல்தட்டில்தான் நிறையச் செத்துவிட்டன. பாய்க்கடியில் அதிகம் வெந்த தட்டு அது. அப்பா அவற்றை ஒரு கூடையில் ஒதுக்கினார். மற்றவை காய்ந்து மஞ்சளாகி ஒன்றையொன்று மிதித்தன. ஒரு குஞ்சு விளிம்பில் ஏறித் தவறி விழுந்தது. அம்மா முந்தானையை ஏந்திப் பிடித்தாள். தயங்கி, உள்ளங்கைக்கு மாற்றினாள்.

"வயிறு என்னமாச் சுடுது" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். "இத்துனூண்டுதான் இருக்கு. இந்தச் சூடு எங்கன இருந்து வருது?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் கிணற்றடிக் குளியல் உண்டு. ஆனால் முன்வாசல் வழியாக வந்து போய்க் குளிப்பார். "இன்னைக்குப் புள்ளைக எப்படி?" என்று அம்மா கேட்பாள். பதில் நீளமாக வரும். குஞ்சுகளை விற்ற பிறகு என்ன ஆகும் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. பாய் கழுவியும் சேற்றுக் கறை போகவில்லை. அதிலேயே படுத்தார்கள்.

போன ஐப்பசியில் அப்பா போய்விட்டார். மழை நாள். கூடத்தில் கிடத்தியிருந்தோம். சாரல் அடிக்கிறது என்று யாரோ சன்னல்களைச் சாத்திவிட்டார்கள். நான் அப்பாவின் இமையைத் தொட்டேன். அறையின் சூட்டுக்கு வந்திருந்தது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

கூடம் நிறைய ஆட்கள். அழுதார்கள், பேசினார்கள், குழந்தைகள் சிணுங்கின. புழுக்கம் தாங்கவில்லை. எல்லார் முகத்திலும் வேர்வை.

அம்மா அப்பாவின் காலடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அனு, சன்னலைத் திறந்து விடு. இத்தனை உசிரு உள்ள இருக்குல்லா, வெந்து போவாவ."

திறந்தேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று வந்தது. அம்மா சுவரோரம் இருந்த ஓலை விசிறியை எடுத்து, பக்கத்தில் மடியில் தூங்கிய யார் வீட்டுக் குழந்தைக்கோ விசிறத் தொடங்கினாள்.