கண்ணாடித் தொட்டியில் களையெடுத்தவர்

பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் செடி வளர்த்து மீன் விடும் தொழிலில் முதல் எதிரி பாசி. இரண்டாவது எதிரி தொட்டிக்குச் சொந்தக்காரர். அடுத்தவர் வீட்டை அழகாக்கப் போய் அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெலமங்கலத்துப் பண்ணைக்காரர் நஞ்சப்பர், கூடத்தில் பத்தடி நீளத் தொட்டி வேண்டுமென்றார். அவர் மகளைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு மில் முதலாளி குடும்பம் வருவதாக இருந்தது. முதலாளிக்கு மீன் தொட்டி என்றால் உயிராம். தொட்டி நன்றாக அமைந்தால் பெண்ணுக்கு நல்ல இடம்; எனக்கு மில்லிலும் தொட்டி வைக்கும் பெரிய வேலை.

வெறும் தண்ணீர்

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஏரி மணல் பரப்பி, வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் ஆம்பலும் நட்டேன். வேர் பிடித்துத் தண்ணீர் தெளிகிறவரை மீன் விடக் கூடாது. நஞ்சப்பர் தினமும் உறவினர்களைக் கூட்டிவந்து காட்டுவார். அவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். உள்ளே ஏதாவது நட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் நஞ்சப்பர் கேட்டார்: "ஏன் மேஸ்திரி, வெறும் தண்ணியப் பாக்கவா எம் மச்சான் ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தான்?"

களையெடுப்பு

மீன் விட்டேன். அடுத்த வாரம் போனபோது, தொட்டிக்குள் இரண்டு பண்ணையாட்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார்கள். மீன்கள் மூலையில் ஒண்டியிருந்தன. நஞ்சப்பர் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கும் என்பதால் ஆம்பல் தப்பித்தது. வேலம்பாசி முழுவதும் வாசலில் குவிந்து கிடக்க, மாடு அதை முகர்ந்து கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நஞ்சப்பன் வீட்டுல களை மண்டிக் கெடக்குன்னு பெங்களூர்க்காரன் பேசிட்டா, எம் பொண்ணை எவன் கட்டுவான்?"

புண்ணாக்கு

மறுபடி நட்டேன். அது களையல்ல, பயிர் என்று இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. வந்தது ஆபத்து. சீக்கிரம் தழைக்கட்டும் என்று கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டார். தண்ணீர் மோராகி, கூடம் நாறி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செடிகள் அழுகின. பிழைத்த மீன்களை அண்டாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி லட்சுமம்மா மூக்கைப் பொத்தியபடி சொன்னார்: "நாத்தத்துக்கு நான் ஊதுவத்தி ஏத்திக்கறேன். மீனுங்களை மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கச் சொல்லுங்க மேஸ்திரி."

சம்பந்தம்

பெண் பார்க்கும் நாளும் வந்தது. தொட்டியைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டோம். செடிக்கு லட்சுமம்மாதான் வழி சொன்னார். சந்தையிலிருந்து கூடை கூடையாகக் கொத்தமல்லியும் அரைக்கீரையும் வந்தன. கல்லில் கட்டி, இந்தக் கையாலேயே நட்டேன்.

மில் முதலாளி காபியை மறந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நஞ்சப்பருக்கு வேர்த்து ஊற்றியது. மீன்கள் கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. முதலாளி நிமிர்ந்து சொன்னார்: "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. இப்படிப் பச்சைப்பசேல்னு ஒரு தொட்டியும் நான் பாத்ததில்ல. மேஸ்திரி, மில்லுக்கும் இதே செடிதான் வேணும், வேற எதையாவது வெச்சு ஏமாத்திடாதீங்க."

தண்ணீருக்கடியில் செடி வளர்க்கத் தெரிந்தவன் என்று இத்தனை வருஷம் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இப்போது வாரம் தவறாமல் கீரைக்காரியிடம் நிற்கிறேன்.